ஹேண்டிகேப்புக்குத் தமிழ்ச்சொல் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள்

மேசைக்காரன், கோவை
திங்கள், இரவு 9.40

குழுவில் உள்ள அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் பகுதியில் ஆறு டேபிள் டென்னிஸ் கிளப்புகள் சேர்ந்து ஒரு லீக் நடத்துகிறோம். பரிசுப்பணம் கிடையாது. தோற்ற அணி டீ வாங்கித் தர வேண்டும், அவ்வளவுதான். ஓர் அணிக்கு மூன்று பேர். ஒவ்வொருவரும் எதிரணியின் மூவரோடும் ஆடுவார்கள், ஆக மொத்தம் ஒன்பது ஆட்டம். ஒரு முறை நம் இடத்தில், ஒரு முறை அவர்கள் இடத்தில். விதிகள் இதுவரை ஆங்கிலத்தில்தான் இருந்தன. இந்த ஆண்டு பள்ளிப் பிள்ளைகள் நிறையச் சேர்ந்திருப்பதால் தமிழில் வேண்டும் என்று பெற்றோர் கேட்டார்கள். எட்டுப் பக்கம். வேலை என் தலையில் விழுந்தது.

மேசை, மட்டை, வலை, நடுவர் எல்லாம் சிக்கலில்லை. சர்வீஸை சர்வீஸ் என்றே விட்டுவிட்டேன், திட்டாதீர்கள். மாட்டிக்கொண்டது ஹேண்டிகேப்பில்.

ஆடாதவர்களுக்காக: ஒரு செட்டுக்கு 21 புள்ளி இருந்த காலத்திலிருந்து (இப்போது 11) நாற்பது வருடமாக ஆடும் ஒருவரும், போன மாதம் மட்டை வாங்கிய ஒன்பதாம் வகுப்புப் பையனும் மோதினால் 11-2, 11-1, 11-3 என்று பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். மூன்றாம் வாரம் அந்தப் பையனின் கிளப்பே வராது. போன வருடம் அப்படித்தான் ஒரு கிளப்பை இழந்தோம். அதனால் ஒவ்வொருவருக்கும் திறமையைப் பார்த்து ஓர் எண் கொடுத்திருக்கிறோம். இரண்டு எண்களின் வித்தியாசத்தை வைத்து இளையவர் 4-0, 6-0 என்று முன்னிலையில் தொடங்குவார். இந்தப் புள்ளிக்கு ஒரு பெயர் சொல்லுங்கள். வெள்ளி காலை அச்சகத்தில் கொடுக்க வேண்டும்.


பேனாக்காரி, மதுரை
திங்கள், இரவு 10.15

சலுகைப்புள்ளி. ஒன்பதாம் வகுப்புப் பையனுக்கும் அவன் அம்மாவுக்கும் விளக்கமே தேவையில்லை. அடுத்த வேலையைப் பாருங்கள்.


நன்னூலடிமை
செவ்வாய், காலை 5.20

அன்பருக்கு,

சலுகை என்பது மேலிருப்பவர் இரக்கப்பட்டுத் தருவது. ஆடுகளத்தில் இரக்கம் எதற்கு? அது ஒரு முறைமை. யோசிப்போம். அதற்கு முன், தங்கள் கடிதத்தில் 'லீக்', 'கிளப்' என்ற இரண்டு சொற்களைக் கேள்வியில்லாமல் பயன்படுத்தியிருக்கிறீர்கள். லகரம் சொல்லுக்கு முதலில் வராது. குறைந்தபட்சம் 'இலீக்கு' என்றாவது எழுதலாம். கிளப்புக்குக் 'கழகம்' இருக்கிறது.

ஆனால் கழகம் என்ற சொல்லின் கதை சுவையானது. வள்ளுவர் காலத்தில் அது சூதாடும் இடம். சூது அதிகாரத்தில் 935, 937 ஆகிய இரண்டு குறள்களிலும் அந்தப் பொருளில்தான் வருகிறது. பழகிய செல்வத்தையும் பண்பையும் கெடுக்கும் இடம் என்கிறார். பிறகு கற்றோர் கூடும் இடமாயிற்று, பிறகு பல்கலைக்கழகமாயிற்று, பிறகு என்ன ஆயிற்று என்பது தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆட்டம் ஆடுபவர் கூடும் இடத்துக்கு அதே பெயரை வைத்தால் சொல் பிறந்த வீட்டுக்கே திரும்புகிறது.


மேசைக்காரன்
செவ்வாய், காலை 7.05

ஐயா, கழகம் என்று போட்டால் எந்தக் கட்சி என்று கேட்பார்கள். மண்டபம் தரும் டிரஸ்ட்காரர் ஏற்கெனவே கேட்டுவிட்டார். 'இலீக்கு' வேண்டாம். 'லீக்' என்று எழுதினாலே காஸ் சிலிண்டர் ஞாபகம் வருகிறது என்கிறாள் என் மனைவி.

ஹேண்டிகேப்?


யாழ்வாசி, டொராண்டோ
செவ்வாய், காலை 8.30

எங்கட பக்கம் ஊருக்கு ஊர் விளையாட்டுக்கழகம்தான். கேட்டால் எவரும் கட்சி என்று நினைப்பதில்லை. கழகம் என்ற சொல் பழுதானது தமிழ்நாட்டில் மட்டும், அதற்காகச் சொல்லையே கைவிட வேண்டுமா? முன்னுக்கு 'விளையாட்டு' சேர்த்தால் போதும். ஹேண்டிகேப்புக்கு எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, மன்னிக்கவும்.


எழுத்துருத் தம்பி, சென்னை
செவ்வாய், பகல் 1.10

'முன்னிருப்பு' சரியா வருமா? ஆட்டம் தொடங்கும் முன் கணக்கில் இருக்கும் இருப்பு. கடைக் கணக்கு மாதிரி. ஒரே சிக்கல், மென்பொருள் மொழிபெயர்ப்பில் டிஃபால்ட்டுக்கு அதைத்தான் பல இடங்களில் போட்டிருக்கிறோம். நானே நூறு இடத்தில் போட்டிருப்பேன்.

இன்னொன்று கேட்க வேண்டும். ஒற்றைப்படையில் கொடுப்பீர்களா? 3-0 என்று தொடங்கினால் சர்வீஸ் கணக்கு குழம்பாதா?


மேசைக்காரன்
செவ்வாய், பகல் 1.45

தம்பி நீங்கள் ஆடுவீர்கள் போலிருக்கிறது. ஆமாம், குழம்பும். ஆளுக்கு இரண்டு சர்வீஸ் என்பதால் இரண்டு பேர் புள்ளிகளையும் கூட்டி இரட்டைப்படை வரும்போதெல்லாம் போடுபவர் மாறுவார். நடுவராக உட்காருபவர் தூங்கி விழித்தாலும் அதை வைத்துப் பிடித்துவிடலாம். 3-0 என்று தொடங்கினால் அந்தக் கணக்கு முழுக்கத் தலைகீழ். 10-10 வரும்போது ஒருவர் தன் இரண்டு சர்வீஸில் ஒன்றைத்தான் போட்டிருப்பார், அங்கே ஒரு சண்டை. அதனால் எங்களுக்கு 2, 4, 6 மட்டும்தான்.

இன்னொரு விஷயம் சொல்ல மறந்தேன். மிக நன்றாக ஆடும் நான்கு பேர் இருக்கிறார்கள். அவர்கள் சைபரில் தொடங்க மாட்டார்கள், மைனஸ் 2-இல் தொடங்குவார்கள். பெயர் அதற்கும் பொருந்த வேண்டும். பேனாக்காரி அம்மா, மைனஸ் சலுகை என்று சொல்ல முடியுமா?


பேனாக்காரி
செவ்வாய், பகல் 2.00

முடியாது. இதை நேற்றே சொல்லியிருக்கலாம் இல்லையா அண்ணா.


கிட்டிப்புள்
செவ்வாய், மாலை 6.50

இவ்வளவு நேரம் யாரும் சொல்லாதது ஆச்சரியம். தமிழில் ஏற்கெனவே சொல் இருக்கிறது: ஒப்புக்குச் சப்பாணி!

தெருவில் ஐஸ்பாய் ஆடும்போது அக்கா இடுப்பில் தொங்கிக்கொண்டு வரும் குட்டித் தம்பியைச் சேர்க்காவிட்டால் வீட்டில் திட்டு விழும், சேர்த்தால் ஆட்டம் கெடும். அதற்கு நம் பிள்ளைகள் கண்டுபிடித்த ஏற்பாடுதானே இது. அவன் ஓடலாம், ஒளியலாம், பிடிபட்டாலும் அவுட் இல்லை. 'உனக்குச் சப்பாணி எவ்வளவு?' 'நாலு.' எவ்வளவு இயல்பாக இருக்கிறது பாருங்கள்.

கூடுதலாக ஒரு விருந்து. ஆங்கில ஹேண்டிகேப், 'தொப்பிக்குள் கை' என்பதன் சுருக்கம். பிள்ளைத்தமிழில் சப்பாணிப் பருவம் என்பது குழந்தை கைகொட்டுவது. பாணி என்றால் கை. அங்கேயும் கை, இங்கேயும் கை!


யாழ்வாசி
செவ்வாய், இரவு 8.15

கைகொட்டும் சப்பாணியும் கால் ஏலாத சப்பாணியும் ஒரே சொல்தானா என்பதே சந்தேகம். அது கிடக்கட்டும்.

ஊனமுற்றோர் என்ற சொல்லையே விட்டு மாற்றுத்திறனாளி என்று எழுதும் காலம் இது. டோக்கியோ பாராலிம்பிக்கில் பவினா படேல் வெள்ளி வென்றது இந்த மேசைப்பந்தில், சக்கர நாற்காலியில் இருந்து ஆடி. நாளைக்கு உங்கள் லீக்கிற்கு அப்படி ஒரு பிள்ளை வந்தால் நடுவர் அவளிடம் 'உனக்குச் சப்பாணி எவ்வளவு' என்று கேட்பாரா?


கிட்டிப்புள்
செவ்வாய், இரவு 8.40

அந்தக் குறை ஆங்கிலச் சொல்லுக்கும் உண்டுதானே அக்கா. வேடிக்கை என்னவென்றால் அங்கே ஆட்டச்சொல் முதலில் வந்தது, உடற்குறையைக் குறித்தது பின்னால். இங்கே உடற்குறை முதலில், ஆட்டம் பின்னால். ஆனாலும் நீங்கள் சொல்வது சரி. நடுவர் வாயில் அந்தக் கேள்வியை நினைத்துப் பார்த்தேன். திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.


பேனாக்காரி
செவ்வாய், இரவு 9.05

பொருளும் பொருந்தாது. ஒப்புக்குச் சப்பாணி ஆடுவது கணக்கில் சேராது. மேசைக்காரன் அண்ணன் சொல்லும் பையன் ஆடுவது கணக்கில் சேரும், ஜெயித்தால் அணிக்கு ஒரு வெற்றி. பிள்ளையைச் சமாதானப்படுத்துவது வேறு, ஆட்டத்தைச் சமப்படுத்துவது வேறு.


நன்னூலடிமை
புதன், காலை 4.55

அம்மையார் 'சமப்படுத்துவது' என்றதும் வழி திறந்தது. ஒப்புக்கு என்பதில் உள்ள 'ஒப்பு' என்ற சொல்லுக்கே சமம் என்ற பொருள் உண்டு. 'உப்புக்குச் சப்பாணி' என்பது அதன் மரூஉ என்று கருதுகிறேன், உப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனால் 'ஒப்புப்புள்ளி' என்று சொல்லிப் பார்த்தேன். எதிரே இருப்பவர் முகத்தில் எச்சில் தெறிக்கிறது.

ஆகவே: ஈடு.

கிட்டிப்புள் தம்பி தொப்பியோடு நிறுத்திவிட்டார். அந்தத் தொப்பிக்குள் என்ன நடந்தது? இருவர் பண்டம் மாற்றிக்கொள்வார்கள். நடுவர் ஒருவர் இரண்டு பண்டத்தின் மதிப்பையும் பார்த்து, மட்டமான பண்டம் தருபவர் கூட எவ்வளவு சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்பார். சம்மதமா இல்லையா என்று இருவரும் தொப்பிக்குள் கையை விட்டு எடுத்துக் காட்டுவார்கள். பிறகுதான் குதிரைப் பந்தயத்துக்குப் போய், வேகமான குதிரை மேல் எடை ஏற்றுவதைக் குறித்தது. மதிப்பில் குறைவதை நிரப்பிச் சமன் செய்வதற்குத் தமிழில் ஈடு என்றுதானே பெயர்? இழப்பீடு, ஈடுசெய்தல், ஈடு இணை. கூட்டினாலும் ஈடு, கழித்தாலும் ஈடு. மைனஸ் இரண்டும் அடங்கிவிடுகிறது. புள்ளியைச் சேர்த்துச் சொல்ல வேண்டுமானால் ஈட்டுப்புள்ளி. வீடு வீட்டுக்கதவு ஆவது போல.


எழுத்துருத் தம்பி
புதன், காலை 9.30

+1 ஐயா. குறுஞ்செயலியில் பட்டனுக்கும் அடங்கும்.


பேனாக்காரி
புதன், காலை 11.20

ஐயா, அழகான சொல். ஆனால் இரண்டு இடத்தில் இடிக்கிறது.

ஒன்று, 'ஈட்டுப்புள்ளி' என்று படித்ததும் ஈட்டிய புள்ளி என்றுதான் என் மூளை எடுத்துக்கொள்கிறது. பொருள் ஈட்டுதல், வருமானம் ஈட்டுதல். உழைத்துச் சம்பாதித்த புள்ளி! நாம் பேசுவது உழைக்காமலே வரும் புள்ளியை. நேர் எதிர்.

இரண்டு, விளையாட்டுச் செய்தியில் 'சரத் கமலுக்கு ஈடுகொடுத்து ஆடினார்' என்று நாங்களே எழுதுகிறோம். சளைக்காமல் ஆடினார் என்று பொருள். உங்கள் லீக்கில் 'பையனுக்கு நாலு ஈடு கொடுத்தார்' என்றால் யார் யாருக்கு என்ன கொடுத்தார்?


நன்னூலடிமை
புதன், பகல் 12.40

முதலாவதற்கு இலக்கணமே விடை. ஈட்டு என்ற வினை புள்ளியோடு சேர்ந்தால் வினைத்தொகை, வலி மிகாது: ஈட்டுபுள்ளி. ஈடு என்ற பெயர் சேர்ந்தால் மிகும்: ஈட்டுப்புள்ளி. உழைத்ததற்கும் கொடுத்ததற்கும் நடுவே ஒரு ப் காவல் நிற்கிறது. இதைவிடத் தெளிவு வேறென்ன வேண்டும்?


மேசைக்காரன்
புதன், பகல் 12.55

அந்த ப் எங்கள் அச்சகத்தில் உயிரோடு வெளியே வராது ஐயா. போன முறை அழைப்பிதழில் 'மேசைப்பந்து' 'மோசப்பந்து' ஆனது.


கிட்டிப்புள்
புதன், பகல் 1.30

கொசுறு? கத்தரிக்காய் வாங்கினால் கறிவேப்பிலை தருவது போல.


யாழ்வாசி
புதன், மாலை 5.10

கொசுறு என்பது எங்கள் பக்கம் விளங்காது. ஈடு விளங்கும், ஆனால் நகையை ஈடு வைப்பதுதான் முதலில் ஞாபகம் வரும். நான் ஈட்டுக்கே கை தூக்குகிறேன். பழகினால் சரியாகிவிடும். மாற்றுத்திறனாளி என்ற சொல்லும் முதல் நாள் வாயில் வரவில்லை.


பேனாக்காரி
புதன், மாலை 6.25

பழகினால் எல்லாம் சரியாகும் அக்கா. பழகுவதற்கு முன் அந்த எட்டுப் பக்கத்தைப் படிக்கப் போவது யார் என்பதுதான் என் கேள்வி. சனிக்கிழமை காலை முதல் ஆட்டம். மேசைக்குப் பக்கத்தில் நின்று எந்தப் பையனும் நிகண்டு புரட்ட மாட்டான்.


மேசைக்காரன்
வியாழன், இரவு 10.50

எல்லோருக்கும் நன்றி. தனிமடலில் வந்ததையும் சேர்த்து எண்ணினேன். சலுகைப்புள்ளி 7, ஈடு 4, முன்னிருப்பு 1. கொசுறுக்கு கிட்டிப்புள்ளே கை தூக்கவில்லை.

எங்கள் கமிட்டியில் இரண்டையும் சொல்லிப் பார்த்தேன். சலுகைப்புள்ளி என்றதும் தலையாட்டினார்கள். ஈடு என்றதும் எங்கள் பொருளாளர், 'எவ்வளவு வட்டி?' என்றார். சலுகைப்புள்ளி என்றே போகிறது. மைனஸ் பிரச்சினைக்கு வழி கண்டாயிற்று: மைனஸையே எடுத்துவிட்டோம். இனி யாரும் சைபருக்குக் கீழே தொடங்க மாட்டார்கள். மைனஸ் 2-க்கு 4 என்று இருந்ததை 0-6 என்று மாற்றிவிட்டேன். வித்தியாசம் அதேதான். கிளப், கிளப்பாகவே இருக்கிறது. மன்னியுங்கள் ஐயா.


எழுத்துருத் தம்பி
வியாழன், இரவு 11.35

அண்ணா, அது அதே இல்லை. முன்பு பெரியவர் 13 புள்ளி எடுக்க வேண்டும், பையன் 7. இப்போது பெரியவருக்கு 11, பையனுக்கு 5 போதும். ஆட்டம் சுருங்கிவிட்டது. ஐந்தே புள்ளி என்றால் இரண்டு பந்து வலையில் பட்டும், ஒன்று மேசை விளிம்பில் பட்டும் அதிர்ஷ்டத்தில் விழுந்தால் கதை முடிந்தது. சொல் கிடைக்கவில்லை என்று விதியை மாற்றியிருக்கிறோம்.


மேசைக்காரன்
வெள்ளி, காலை 8.20

அச்சுக்குக் கொடுத்துவிட்டேன் தம்பி. 200 படி. ஒரு சீசன் ஆடிப் பார்ப்போம்.


நன்னூலடிமை
வெள்ளி, காலை 8.45

பதிவுக்காக மட்டும்: ஈடு என்ற என் கருத்தில் மாற்றமில்லை. சர்வீஸ் பந்து வலையில் உரசிப் போனால் மறுபடி போடச் சொல்லும் 'லெட்' என்பதற்கு என்ன போட்டீர்கள் என்று தெரிவிக்கவும்.