புதுப்பிப்பு: துபாய் கார் சேலத்துக்கு வரவில்லை

துபாயில் அக்கா வீட்டுக்காரர் ஓட்டும் காரை, அவர் ஊர் திரும்பும்போது சேலத்துக்குக் கப்பலேற்றலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். கப்பல் கூலியைக் கணக்குப் போட்டுத் தந்தவர்களுக்கு நன்றி. விஷயம் கூலி வரைக்கும் போகவே இல்லை.

அங்கே ஸ்டீயரிங் இடப்பக்கம். இந்தியாவுக்குள் வரும் பழைய காருக்கு அது வலப்பக்கம் இருந்தாக வேண்டும். தயாரித்து 3 ஆண்டுகளைத் தாண்டியிருக்கக் கூடாது. முகப்பு விளக்கின் ஒளிகூட நம் சாலைக்கு ஏற்றபடி விழ வேண்டுமாம்! சென்னைத் துறைமுகம் பக்கம்தானே என்றால், பழைய கார் மும்பை வழியாக மட்டுமே இறங்கலாம். சுங்க வரியோ காரின் விலையையே மிஞ்சிவிடும். "முன்பணம் போடுங்கள், பார்த்துக்கொள்ளலாம்" என்ற தரகர், அலுவலக முகவரி கேட்டதும் மௌனமானார்.

மாமா காரை அங்கேயே விற்றுவிட்டார். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் இடப்பக்க ஸ்டீயரிங்கோடு பஸ்ஸை முந்த வேண்டுமென்றால், எதிரே வண்டி வருகிறதா என்று அக்காதான் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்தச் சண்டை மிச்சம்.

இப்போது அஸ்தம்பட்டியில் ஒரு பழைய கார் பார்த்திருக்கிறோம். மலையேறிய வண்டி என்பதால் கிளட்சை மட்டும் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.