கொரிய கடைகளில் ராம்யொன் சுவை சாப்பாடு: சூடாக்குவது, ஜோடி சேர்ப்பது, லேபிள் படிப்பது

கேள்வி – சுவோன்_மாணவன்

சியு, ஜிஎஸ்25, செவன் இலெவன், இமார்ட்24, எந்தக் கடைக்குப் போனாலும் குளிர்பெட்டியில் ராம்யொன் (கொரிய உடனடி நூடுல்ஸ்) சுவை சாப்பாடு புதுசு புதுசா வந்துக்கிட்டே இருக்கு. புல்தக் (ரொம்பக் காரமான கோழிச் சுவை ராம்யொன்) சுவை முக்கோண கிம்பாப் (கடற்பாசித் தாள் சுத்தின சோறு), ராம்யொன் மசாலாவில் வறுத்த சோறு, ராபோக்கி கப் (ராம்யொனும், தொக்போக்கிங்கிற கார அரிசிக் கொழுக்கட்டையும் சேர்ந்தது), கிரீம் கலந்த ராம்யொன் கப். எல்லாத்தையும் ருசி பார்க்க ஆசை. ஆனா சூடு பண்ணினா ஓரம் கல்லாகுது, நடுவுல ஜில்லுன்னு கிடக்கு. கப் ராம்யொனையும் கிம்பாப்பையும் சேர்த்துச் சாப்பிட்டா உப்பு தாங்கல. எவ்வளவு நேரம் சூடாக்கணும், எது எதோட சேரும்? மாட்டிறைச்சி சாப்பிடமாட்டேன், லேபிளில் அதை எப்படிக் கண்டுபிடிக்கிறது? கொரிய எழுத்தைக் கூட்டிப் படிப்பேன், அர்த்தம் தெரியாது.

பதில் 1 – அன்சான்வாசி

முதல்ல வாட் பாருங்க. கடை மைக்ரோவேவ் பெரும்பாலும் 1000 வாட், வீட்டுல இருக்கிறது 700. லேபிளில் ரெண்டுக்கும் தனித்தனி நேரம் போட்டிருப்பாங்க. 700-க்கு மட்டும் போட்டிருந்தா அந்த நேரத்தை 0.7-ஆல் பெருக்குங்க. 2 நிமிஷம்னு இருந்தா கடையில 1 நிமிஷம் 25 விநாடி. வீட்டு நேரத்தை அப்படியே கடை மெஷின்ல வைக்கிறதுதான் ஓரம் கல்லாகுறதுக்கு முதல் காரணம்.

நடுவுல ஜில்லுன்னு இருக்கிறது வேற விஷயம். மைக்ரோவேவ் அலை சாப்பாட்டுக்குள்ள ரெண்டு மூணு சென்டிமீட்டருக்கு மேல அவ்வளவா போகாது. நடுப்பகுதிக்குச் சூடு ஓரத்துல இருந்துதான் மெதுவா வரணும். அதனால வறுத்த சோறு, தோசிராக் (டப்பாச் சாப்பாடு) மாதிரி குவிஞ்சு கிடக்கிறதை பாதி நேரத்துல நிறுத்தி, நடுவுல இருக்கிறதை ஓரத்துக்குத் தள்ளி, நடுவுல ஒரு குழி விட்டு மறுபடி வைங்க. வெளிய எடுத்ததும் அரை நிமிஷம் மூடி வச்சுத் தொடாம விடுங்க. சூடு அப்பதான் சமமாப் பரவும்.

சோறு குளிர்ல இருந்தா அதுல உள்ள மாவுச்சத்து இறுகி, பருக்கை விறைச்சுப்போகும். அது மறுபடி இளகணும்னா சூடு மட்டும் பத்தாது, ஈரமும் வேணும். தோசிராக் சோத்துமேல ஒரு கரண்டித் தண்ணி தெளிச்சு, மூடியை ஒரு மூலையில மட்டும் திறந்து வைங்க. ராம்யொன் பொடி கலந்த சோத்துக்கு இது ரொம்ப முக்கியம். பொடியில இருக்கிற உப்பும் சர்க்கரையும் ஈரம் இல்லாத இடத்துல ஒட்டிக் கருகிடும்.

முக்கோண கிம்பாப்புக்கு 1000 வாட்ல 20 விநாடி, 700-ல 30. உறையோடவே வைக்கலாம். அதுக்கு மேல போனா உள்ள ஆவி கட்டி, கடற்பாசித் தாள் நமத்துப்போகும். தாளுக்கும் சோத்துக்கும் நடுவுல ஒரு பிளாஸ்டிக் படலம் இருக்கு, அதுதான் மொறுமொறுப்பைக் காப்பாத்துது. பிரிக்கும்போது 1, 2, 3 வரிசையில இழுங்க. 2-ஐ முதல்ல இழுத்தா தாள் பாதி உறையோடயே போயிடும். உள்ள மயோனிஸோ சீஸோ இருந்தா அது சோத்தைவிட வேகமாச் சூடேறும், பிரிச்ச உடனே கடிக்காதீங்க.

உள்ள வைக்கக் கூடாதது: அலுமினியம் ஒட்டின கப் மூடி, உள்பக்கம் பளபளன்னு இருக்கிற சாஸ் பாக்கெட், ரெண்டு முனையிலும் உலோகக் கிளிப் போட்ட சாசேஜ். பொறி பறக்கும். முழு அவிச்ச முட்டை வெடிக்கும், ரெண்டா வெட்டிட்டு வைங்க. கப்பையும் கவனிங்க. காகிதக் கப்பா இருந்தா பரவாயில்ல, அதுலயும் மைக்ரோவேவ் குறி இருக்கான்னு பாருங்க. வெள்ளையா நுரை மாதிரி அழுந்துற கப்பு உருகும், அதுக்கு வெந்நீர் மட்டும்தான். கூட்ட நேரத்துல கடை வெந்நீர்க் குழாய்ல சூடு இறங்கிடும், நூடுல்ஸ் நடுவுல வேகாம நிக்கும். காகிதக் கப்பு வாங்கினா அதைக் கடைசியா 1 நிமிஷம் மைக்ரோவேவ்ல வச்சுச் சரிபண்ணிக்கலாம்.

பதில் 2 – மாப்போ_சமையல்காரி

சூடு பத்தி மேலேயே தெளிவா சொல்லிட்டாங்க. நான் ஜோடி சேர்க்கிறதைச் சொல்றேன்.

உப்புல இருந்து ஆரம்பிக்கலாம். கொரியாவுல விக்கிற ஷின் ராம்யொன் ஒரு பாக்கெட், 120 கிராம், அதுல சோடியம் 1,790 மில்லிகிராம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுக்கச் சொல்ற அளவே 2,000-க்குக் கீழ. ராம்யொன் சுவை கிம்பாப்பும் அதே வகைப் பொடியிலதான் வருது. ரெண்டையும் ஒண்ணா வாங்கினா நாக்கு மரத்துப்போய் எது என்ன ருசின்னே தெரியாது. புதுசா வந்ததை ருசி பார்க்கணும்னா பக்கத்துல சப்புன்னு ஒண்ணு வைங்க. புல்தக் கிம்பாப்புக்கு அவிச்ச முட்டையும் பாலும், சூப் ராம்யொனுக்கு டூனா மயோ கிம்பாப். புல்தக் கப்போட புல்தக் கிம்பாப் வாங்குறது வீண்.

சூப் ராம்யொன்ல நூடுல்ஸ் முடிஞ்சதும் சோறு போடுறவங்க சூடான சோத்தைவிட ஆறின சோத்தைத்தான் விரும்புவாங்க. ஆறின பருக்கை குழையாம சூப்பை இழுத்துக்கும். அதனால அந்த டூனா மயோ கிம்பாப்பைச் சூடாக்காமலே உடைச்சுப் போடுங்க. கடற்பாசி சூப்புல கரைஞ்சு தனி மணம் கொடுக்கும். சூப்பை மூணுல ஒரு பங்காக் குறைச்சுட்டு அப்புறம் போடணும், இல்லன்னா அத்தனை உப்பும் வயித்துக்குள்ளதான்.

புல்தக் காரம் 4,404 ஸ்கோவில் (காரத்தை அளக்கிற அலகு). பாக்கெட்டை வீட்டுல செய்யும்போது 600 மில்லி தண்ணில 5 நிமிஷம் வேகவச்சு, 8 கரண்டி தண்ணி மட்டும் விட்டு வடிச்சு, சாஸ் ஊத்தி 30 விநாடி வதக்கணும். கப்புல பலபேர் சொட்டு விடாம வடிச்சிடுறாங்க. அப்போ சாஸ் ஒரே இடத்துல கட்டியா நிக்கும், ஒரு வாய் தீயா எரியும், அடுத்த வாய் வெறும் மாவு. ரெண்டு மூணு கரண்டி தண்ணி நிக்கட்டும். காரத்துக்குத் தண்ணி குடிச்சுப் பிரயோஜனம் இல்ல, காரத்தைத் தர்ற கேப்சைசின் தண்ணில கரையாது. பால்ல இருக்கிற கேசின்ங்கிற புரதம் அதைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிடும். ஸ்டிரிங் சீஸை நீளமாக் கிழிச்சுச் சூடான நூடுல்ஸ் மேல போட்டாலும் அதே வேலைதான்.

ஷின் தூம்பாங்கிற கிரீம் ராம்யொன் 2024 செப்டம்பர்ல வந்தது. ஷின் ராம்யொன்ல பாலும் சீஸும் இறாலும் போட்டு ஜனங்க தாங்களாவே செஞ்சுக்கிட்டிருந்ததைத்தான் ஷின் கம்பெனியான நோங்ஷிம் பாக்கெட்டாப் போட்டாங்க. சாதா ஷின் கப்புலயும் இப்படிச் செய்யலாம்: கோட்டுக்குப் பாதி வரை வெந்நீர், பொடி பாதி, மூடி 3 நிமிஷம், பிறகு 100 மில்லி பாலும் ஒரு சீஸ் தாளும். காகிதக் கப்பா இருந்தா 30 விநாடி வச்சுக் கலக்கி, மறுபடி 30. ஒரே மூச்சா வச்சா பால் பொங்கி மெஷின் முழுக்க வழியும்.

ராபோக்கி கப் பிடிச்சிருந்தா மார்க் ஜொங்ஷிக் (கடைப் பொருள்களைக் கலந்து செய்யுற பிரபலமான சாப்பாடு) செஞ்சு பாருங்க. பெரிய தொக்போக்கி கப், கோக்கோக்கோக் ஸ்பெகட்டி கப், ஒரு சாசேஜ், ஒரு ஸ்டிரிங் சீஸ். தொக்போக்கியை லேபிள்ல சொன்னபடி மைக்ரோவேவ்ல வேகவைங்க. அந்த நேரத்துலயே ஸ்பெகட்டியை வெந்நீர்ல ஊறவச்சு வடிச்சிடுங்க. ரெண்டையும் கலந்து, சாசேஜைத் துண்டு போட்டு, மேல சீஸ் பரப்பி 1000 வாட்ல ஒண்ணரை நிமிஷம். ரெண்டு சாஸையும் முழுசா ஊத்தச் சொல்லுவாங்க. எனக்கு அது சரியாப் படல. தொக்போக்கி சாஸ் முழுசு, ஸ்பெகட்டி சாஸ் பாதி, அதுதான் அளவு. ஆறினா அரிசிக் கொழுக்கட்டை ரப்பராகும், சூட்டோட சாப்பிட்டு முடிங்க.

பதில் 3 – தெகு_ஆய்வாளர்

மாட்டிறைச்சி பற்றி யாரும் சொல்லவில்லை. லேபிளின் பின்புறம் மூலப்பொருள் பட்டியலுக்கு அருகே, பின்னணி நிறம் மாறிய ஒரு கட்டம் இருக்கும். ஒவ்வாமை தரும் பொருள்களை அங்கே எழுதி, முடிவில் "ஹம்யு" என்று போட்டிருப்பார்கள். "அடங்கியுள்ளது" என்று பொருள். "ஸ்வேகோகி" மாடு, "த்வேஜிகோகி" பன்றி, "தக்கோகி" கோழி, "ஊயு" பால். ஷின் ராம்யொன் பொடியில் மாட்டிறைச்சிச் சாறு உண்டு; அதே சுவையில் வரும் சோறும் கிம்பாப்பும் அப்படியே இருக்க வாய்ப்பு அதிகம் என்பதால் கட்டத்தைப் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

அந்தக் கட்டத்துக்கு அருகிலேயே, "கதுன் ஜேஜோ ஷிசொல்" என்ற சொற்களோடு நீளமான வாக்கியம் ஒன்று வரும். அதே ஆலையில் வேறு என்னென்ன தயாராகின்றன என்பதே அதன் செய்தி. அங்கே "ஸ்வேகோகி" இருப்பதால் மட்டும் இந்தப் பொருளில் மாடு இருக்கிறது என்றாகாது. புதிதாக வருபவர்கள் இதைக் குழப்பிக்கொண்டு நல்ல பொருளைத் திருப்பி வைத்துவிடுகிறார்கள்.

எண்ணெயையும் பாருங்கள். நூடுல்ஸைப் பொரிக்கும் மாட்டுக்கொழுப்பு பற்றி 1989-இல் எழுந்த சர்ச்சைக்குப் பிறகு கொரிய ராம்யொன்கள் பாமாயிலுக்கு மாறின. ஆனால் 2025 நவம்பரில் சம்யாங் நிறுவனம் மாட்டுக்கொழுப்பைச் சேர்த்து "சம்யாங் 1963" என்ற புதிய ராம்யொனைக் கொண்டுவந்தது. அந்தச் சுவையில் எது வந்தாலும் உங்களுக்கு ஆகாது. பட்டியலில் "ஊஜி" என்றால் மாட்டுக்கொழுப்பு, "சகோல்" என்றால் மாட்டெலும்புச் சாறு.

சைவர்கள் யாரேனும் இதைப் படித்தால் ஒரு எச்சரிக்கை. அந்த நிறக் கட்டம் சைவச் சான்று ஆகாது. இறால், நண்டு, கணவாய், கானாங்கெளுத்தி எல்லாம் அங்கே கட்டாயம் வரும்; நெத்திலி வராது. பல கொரிய சூப்புகளுக்கு அடிப்படையே நெத்திலிச் சாறுதான். மூலப்பொருள் பட்டியலில் "மியொல்ச்சி" (நெத்திலி) என்று தேடுங்கள். ஓத்துகி நிறுவனத்தின் சேஹ்வாங் போன்ற சைவ ராம்யொன்கள் உண்டு. அவை சிறு கடைகளைவிடப் பெரிய மார்ட்டுகளில் எளிதாகக் கிடைக்கும்.

கேட்டவர் – சுவோன்_மாணவன்

மூணு பேருக்கும் ரொம்ப நன்றி. நிறக் கட்டத்தைப் பார்த்துட்டேன், "ஹம்யு" இருக்கு. இன்னும் ஒண்ணு: குளிர்பெட்டியில எது புதுசா வந்து இறங்கினதுன்னு எப்படித் தெரியும்? மிச்ச சூப்பை எங்க ஊத்துறது?

பதில் 1 – அன்சான்வாசி

கிம்பாப், தோசிராக் லேபிள்ல தேதியோட மணியும் இருக்கும். ஒரே பொருள் ரெண்டு இருந்தா பின்னாடி இருக்கிறதோட மணியைப் பாருங்க, பழசை முன்னாடி தள்ளி அடுக்குறதுதான் வழக்கம். அந்த மணி தாண்டினா பில் மெஷினே பார்கோடை ஏத்துக்காது. ஒரு குறிப்பிட்ட பொருள் எந்தக் கிளையில இருக்குன்னு பார்க்க சியு, ஜிஎஸ்25 ஆப்ல இருப்புத் தேடல் இருக்கு. 1+1 சலுகையில வாங்கினா கூடக் கிடைக்கிறதை ஜிஎஸ் ஆப்லயே சேமிச்சு வச்சு அப்புறம் எடுத்துக்கலாம்.

மிச்ச சூப்பைக் குப்பைத் தொட்டியிலயோ கை கழுவுற தொட்டியிலயோ ஊத்தாதீங்க. சாப்பிடுற மேசைப் பக்கத்துல வடிகூடை வச்ச தனி வாளி இருக்கும். அதுல ஊத்திட்டு, கூடையில தங்குற நூடுல்ஸை அப்படியே விட்டுட்டு, கப்பைத் தனியாப் போடுங்க. வாளி கண்ணுல படலன்னா கவுன்டர்ல கேளுங்க, காட்டுவாங்க.