இரட்டைச் சுவர் ஸ்மோக்கர்: ஜி.ஐ. தகடு போடலாமா?

கேள்வி:
கறிக்குப் புகை போட 2க்கு 2 அடி, 4 அடி உயரத்துல இரும்புப் பெட்டி. திருமங்கலத்துல அடிக்கக் குடுக்கிறேன். பழைய ஜி.ஐ. தகடு (துத்தநாகம் பூசின இரும்பு) கிடக்கு, உள்பக்கம் ஆகுமா? ரெண்டு சுவருக்கும் நடுவுல தெர்மோகோல் வைக்கலாமா?

பதில் 1:
ரெண்டும் வேணாம்ணே. ஜி.ஐ.யில வெல்டிங் வச்சா துத்தநாகப் புகை வரும், வெல்டருக்குக் காய்ச்சல் கண்டுரும். நெருப்புப் பக்கம் பூச்சும் நிக்காது. 2 மி.மீ. எம்.எஸ். தகடு (பூச்சில்லாத சாதா இரும்பு) போடுங்க. தெர்மோகோல் 100 டிகிரியிலயே சுருங்கிரும், 50 மி.மீ. ராக்வுல் (சூடு தாங்குற பாறைப் பஞ்சு) வைங்க, அமுக்கித் திணிக்காம. உள்பெட்டி மூலையெல்லாம் முழுசா வெல்டிங் ஓட்டணும். அங்கங்க புள்ளி மட்டும் வச்சு விட்டா கொழுப்பு பஞ்சுக்குள்ள இறங்கும், பிறகு ஒருநாள் அதுவே பத்திக்கும்.

பதில் 2:
கதவைச் சுத்தி கண்ணாடி இழைக் கயிறு ஒட்டுங்க. கீழே காத்து வாய்க்கு 2 அங்குலக் குழாய், மூடி திறக்கிற மாதிரி. மேலே 3 அங்குலப் புகைபோக்கி, அதை மூடவே கூடாது. அடைச்சா கறி கசக்கும். இந்த மாதிரிப் பெட்டியில ஏறின சூடு லேசுல இறங்காது. 110 டிகிரி வேணும்னா 90லயே கீழ்வாயைக் குறைங்க.

பதில் 3:
உள்ளே பெயின்ட் அடிச்சிராதீங்க. முதல்ல கறி இல்லாம ஒருதடவை நல்லா எரிச்சு தகட்டு எண்ணெயைப் போக்குங்க. சீமைக்கருவேலங்கரி போதும், நம்ம பக்கம் அதுக்கா பஞ்சம்!