மர அச்சு யோ-யோ: மனசை விட்டுப் போகாத ஒரு வீச்சு இருக்கா? எழுதுங்க

கண்ணிமுடிச்சு

அவசரமா எழுதறேன், பிழை இருந்தா பொறுத்துக்கோங்க. நாலு வருஷம் பேரிங் யோ-யோ (அச்சுல குண்டு வளையம் வெச்சது) ஆடிட்டு, போன மாசம்தான் மர அச்சுல ஒண்ணு எடுத்தேன். மூணு வாரம் ஆகியும் தூங்கவே மாட்டேங்குது, அதாவது நூல் நுனியில நின்னு சுத்தவே மாட்டேங்குது. வீசின வேகத்துல திரும்பி வந்து விரல் மூட்டுல ‘டொக்’குன்னு ஒரு அடி.

ரயிலுக்குக் காத்திருந்தப்போ அதை வெச்சு மல்லுக்கட்டிட்டு இருந்தேன். பெஞ்சுல உக்காந்திருந்த பெரியவர், எழுபதுக்கு மேல இருக்கும், கையை நீட்டினார். “குடு தம்பி.” குடுத்தேன்.

மனுஷர் வீசவே இல்ல. நூலோட மேல்முனையைப் பிடிச்சுத் தொங்கவிட்டார். அது பாட்டுக்கு கிறுகிறுன்னு சுத்த ஆரம்பிச்சுது. நிக்கிற வரைக்கும் பாத்துட்டு இருந்தார். அப்புறம் ரெண்டு விரலால இன்னும் கொஞ்சம் திருப்பி, அச்சுல மாட்டியிருக்கிற கண்ணி வாய் திறந்ததும் கண்ணுகிட்ட கொண்டுபோனார். “அச்சுல ரெண்டு சுத்து போட்டிருக்கியேப்பா. ஒண்ணு போதும்.” ஒரு சுத்தை எடுத்துட்டு, நூலைச் சுத்தி வீசினார். தூங்குச்சு! தலையைச் சாய்ச்சுக் காதைக் குடுத்துக் கேட்டுட்டே இருந்தார். திடீர்னு லேசா ஒரு சுண்டு. உள்ளங்கையில வந்து உக்காந்துது.

“சத்தம் மாறும் பாரு, அப்ப இழு. அதுக்கு முன்னாடி இழுத்தா அவசரம், அப்புறம் இழுத்தா செத்துப் போயிருக்கும்.” அவ்வளவுதான், அவர் வண்டி வந்துடுச்சு. பேர்கூட கேக்கல.

அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேக்கல. அதான் இங்க வந்தேன். உங்க யாருக்காவது கேட்டிருக்கா?

அறுந்தநூல்

சத்தமா, எனக்கு ஒரு சத்தம் நல்லா ஞாபகம் இருக்கு. கண்ணாடி உடையிற சத்தம்.

ஒரே பருத்தி நூலை ஏழெட்டு நாளா மாத்தாம ஆடிட்டு இருந்தேன். நூல் பழகப் பழகத்தான் தூக்கம் நல்லா வருதேன்னு மாத்த மனசே வரல. அண்ணன் பையன் எதிர்ல உக்காந்து எண்ணிட்டு இருந்தான். லூப் (கையில பிடிக்காம திரும்பத் திரும்ப முன்னால வீசறது) அஞ்சு... ஆறு... ஏழாவதுல கை திடீர்னு லேசாயிடுச்சு. அந்த லேசு இருக்கே, படியிறங்கும்போது இல்லாத படியில கால் வெச்ச மாதிரி. விரல்ல வெறும் நூல் மட்டும் ஆடுது, யோ-யோ அலமாரிக் கண்ணாடிக்குள்ள இருக்கு. பையன் “ஏழு”ன்னான்.

கண்ணாடி போனது போகட்டும். அவன் தலை அங்கேயிருந்து ஒரு முழம்தான்.

இடைவெளி

அறுந்தநூல் அவர்களுக்கு: கேட்கவில்லைதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். நூல் நடுவில் அறுவது அபூர்வம். அச்சைச் சுற்றிய கண்ணியில்தான் அறும், ஏனென்றால் உராய்வு முழுக்க அங்கேதான். பேரிங் யோ-யோவில் கண்ணி பேரிங்கின் வெளிவளையத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும், சுழல்வது யோ-யோ மட்டும். நம்முடையதில் மர அச்சு அந்தக் கண்ணிக்குள்ளேயே நேராகச் சுழல்கிறது, ஒவ்வொரு தூக்கமும் நூலை அரம் போலத் தேய்க்கிறது. ஆட உட்காரும் முன் கண்ணியைத் திறந்து பாருங்கள். நிறம் கறுத்திருந்தாலோ, இழை ஒன்று பிரிந்து நின்றாலோ தயங்காமல் குப்பையில் போடுங்கள். லூப் ஆடும் நாளில் புது நூல் போடுங்கள், அது உடனே இழுத்துக்கொண்டு திரும்பும், லூப்புக்கு அதுதான் தேவை. பழகிய நூலைத் தூக்கத்துக்கு வைத்துக்கொள்ளலாம். பாலியெஸ்டர் நூல் போட்டால் அறாதே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சூட்டில் அது உருகும். பருத்திதான்.

வாங்கும்போது மரத்தின் அழகைப் பார்க்கிறோம், நானும் அப்படித்தான் ஏமாந்தேன். பார்க்கவேண்டியது இரண்டு தட்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி. குறுகலாக இருந்தால் தூங்காது, அகலமாக இருந்தால் கூப்பிட்டாலும் வராது. அடுத்து, பிரிக்க முடியுமா என்று பாருங்கள். ஒட்டிய மர யோ-யோவில் அச்சு தேய்ந்தால் கதை முடிந்தது. 1970களின் கடைசியில் டாம் குன் என்ற சான் பிரான்சிஸ்கோ பல் மருத்துவர் ‘நோ ஜைவ்’ என்று ஒன்றைக் கொண்டுவந்தார்: திருகைக் கழற்றலாம், அச்சை மாற்றலாம், தட்டுகளைத் திருப்பிப் போட்டு மூன்று வடிவமாக்கலாம். இன்றும் பலருக்கு அளவுகோல் அதுதான். நூல் நீளம் தொப்புள் வரை, பேரிங்கைவிட ஒரு விரற்கடை குறைத்தாலும் தப்பில்லை.

என் கதையா? அடர்நிற மரத்தில் ஒன்று, பளபளவென்று. இடைவெளியில் நூலே நுழைய மறுத்தது. மூன்று வருடமாக மேசைமேல் இருக்கிறது.

பேரிங்பக்தன்

பெரியவர், காது, சத்தம்... சினிமா மாதிரி இருக்கு. நூல் முறுக்கு ஏறியிருந்துது, கண்ணி ரெண்டு சுத்து, அதான் தூங்கல. இதுல தத்துவம் என்ன இருக்கு? 1990-ல பால்பேரிங் வந்தாச்சு. நிமிஷக் கணக்கா தூங்குற வஸ்து இருக்கும்போது, இருபது வினாடிக்கு இவ்வளவு பஜனையா?

சரி, என் அனுபவம். நண்பனோட மர யோ-யோவை வாங்கி, பேரிங்குக்கு வீசற மாதிரி பலம் குடுத்து வீசினேன். கருகின வாசனை வந்துது. நெசமாவே. கண்ணியைத் தொட்டா சுட்டுது. அவன் முகத்தைப் பாக்க முடியல. இன்னும் அவன்கிட்ட மன்னிப்பு கேக்கல, இங்க கேட்டுக்கறேன்.

சுருக்குவிரல்

@பேரிங்பக்தன், இருபது வினாடியை ஏளனம் பண்ணாதீங்க. அந்த இருபது வினாடியே ஒரு காலத்துல புதுமை. நூலை அச்சுல கட்டியே வெச்சா யோ-யோ கீழே போகும், மேலே வரும், அவ்வளவுதான். கட்டாம கண்ணியா மாட்டினாத்தான் தூங்கும். பிலிப்பைன்ஸ்காரர் பெட்ரோ ஃப்ளோரஸ் 1928-ல கலிஃபோர்னியாவில கம்பெனி ஆரம்பிச்சு வித்தது அந்தக் கண்ணி யோ-யோவைத்தான். அவர்கிட்டயிருந்து வாங்கின டங்கன் கம்பெனி பேரை எடுத்துக்கிச்சு. ‘யோ-யோ’ங்கிற சொல் எங்களுக்கு மட்டும்தான்னு உரிமை கொண்டாடிட்டு, 1965-ல கோர்ட்டுல அதையும் தோத்துச்சு. அது வேற கதை.

நீங்க தூங்கவைக்கிறீங்க, நாங்க நிறுத்தறோம். ஸ்டால் போட்டுப் பாருங்க புரியும். யோ-யோவைப் பக்கவாட்டில ஆட்டி மேலே கொண்டுவந்து, மறு கை விரலுக்கு மேல நூலில உக்கார வைக்கணும். நூல் இடைவெளிக்குள்ள கவ்வினதும் சுழற்சி நின்னுடும். அசையாம நிக்கும். அப்புறம் லேசா உதறினா எதிர்ப்பக்கமா உருண்டு திரும்ப உயிர் வரும். பேரிங்ல பெரும்பாலும் நின்னது நின்னதுதான்.

ரெண்டு வருஷம் முன்னாடி, மொட்டை மாடியில, மின்சாரம் போன நேரம். தொடர்ந்து பதினொரு ஸ்டால். யாரும் பாக்கல. அடுத்த நாள்லேயிருந்து இன்னிக்கு வரைக்கும் நாலைத் தாண்டல. அன்னிக்கு ஈரக்காத்து, நூல் கொஞ்சம் உப்பியிருந்திருக்கும்னு எனக்கு நானே சொல்லிக்கறேன். இல்ல, அந்த நூல்லதான் ஏதோ இருந்துது. எந்த நூல்னு தெரியாம தூக்கிப் போட்டுட்டேன்.

இடைவெளி

ஈரத்தில் மரமும் உப்பும் என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அச்சும் தடிக்கும்.

மேலும்கீழும்

கண்ணிமுடிச்சு, உங்கள் பெரியவர் தொங்கவிட்டுக் காத்திருந்தாரே, அதில்தான் என் மனசு நின்றுவிட்டது. நாம் யாரும் காத்திருப்பதில்லை. ஒவ்வொரு வீச்சும் நூலில் கொஞ்சம் முறுக்கைக் கூட்டியோ குறைத்தோ விட்டுப் போகிறது. தொங்கவிட்டால் கூடுதல் முறுக்கு தானாக இறங்கும். முறுக்கு ஏறினால் கண்ணி அச்சை நெரிக்கும். ரொம்பத் தளர்ந்தால் தூங்கும், ஆனால் எழுந்திருக்காது.

தொங்கவிட ஒரு ‘கீழே’ வேண்டும், அது முக்கியம். 1985 ஏப்ரலில் டிஸ்கவரி விண்கலத்தில் ஒரு யோ-யோவைக் கொண்டுபோனார்கள். அங்கே கையை விட்டால் அது விழாது, எறியத்தான் வேண்டும். நூல் நுனிக்குப் போனதும் தூங்காமல் உடனே திரும்பிவிட்டது, ஏனென்றால் நூலை இழுத்துப் பிடிக்க எடை இல்லை. இதைப் படித்த பிறகு வீசும்போதெல்லாம் நூலில் அந்த இழுப்பைத் தேடுகிறேன். ஐம்பது கிராம் சொச்சம்தான். சுழற்சி தளரத் தளர அது விரலில் கனப்பது போலத் தோன்றும். பெரியவருக்குக் காது, எனக்கு விரல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பேரிங்பக்தன்

கனப்பது போலவா! எடை எப்படிங்க கூடும்?

மேலும்கீழும்

கூடாது. தோன்றும் என்றேன்.

கண்ணிமுடிச்சு

எல்லாருக்கும் நன்றி. நேத்து ராத்திரி கண்ணியைத் திறந்து பாத்தேன், கறுத்துத்தான் இருந்துது. புது நூல் போட்டு, ஒரே சுத்து, தொங்கவிட்டேன். நிக்கிற வரைக்கும் கையைக் கட்டிட்டு, அதாவது ஒரு கையை மட்டும், நின்னேன். நாலஞ்சு தடவை முழுசா சுத்தி, திரும்பி ரெண்டு சுத்து, அப்புறம் நின்னுது.

மின்விசிறியை நிறுத்திட்டு வீசினேன். புது நூல் இல்லையா, முதல் பத்துப் பன்னிரண்டு வீச்சு உடனே கைக்கு வந்துடுச்சு. அப்புறம் தூங்குச்சு. எண்ணினேன்: ஒன்பது. உர்ர்ருன்னு ஒரு சத்தம் இருக்கு, அது கொஞ்சம் கொஞ்சமா இறங்குது. எந்த இடத்துல ‘மாறுது’ன்னுதான் புரியல. நான் இழுக்கறப்போ எல்லாம் ஒண்ணு அவசரம், இல்ல செத்துப் போயிருக்கு.

@அறுந்தநூல், பையன் எப்படி இருக்கான்?

அறுந்தநூல்

நல்லா இருக்கான். இப்ப எண்ணணும்னா கதவுக்கு அந்தப் பக்கம் நின்னுதான் எண்ணுவேங்கறான்.