போன் முதுகில் இ-இங்க் திரை: முதல் நாளில் கண்டவை

இன்க்கேஸ் ஐ7-லிருந்து தொடங்குகிறேன். சிங்கப்பூர் ஓக்ஸிஸ் நிறுவனம் கிக்ஸ்டார்ட்டர் என்ற கூட்டு நிதித் தளத்தில் பணம் திரட்டிச் செய்த கேஸ், ஐபோன் 7-இன் அளவுக்கு வார்த்தது. முதுகில் 4.3 அங்குல இ-இங்க் திரை (கிண்டிலில் இருப்பது போன்ற மின்தாள்), 480×800 புள்ளிகள். அங்குலத்துக்கு ஏறக்குறைய 217 புள்ளி வருகிறது. 2014-இல் வந்த இன்க்கேஸ் பிளஸ் 3.5 அங்குலம்தான்.

பெட்டியைத் திறந்ததும் திரையில் படம் தெரிந்தால் சாதனம் நன்றாக இருக்கிறது என்று எண்ணிவிட வேண்டாம். இ-இங்க் மின்சாரம் இல்லாமலே படத்தைப் பிடித்து வைத்திருக்கும். பேட்டரி செத்துப்போன கேஸிலும் படம் பளிச்சென்று நிற்கும். முதலில் முழுதாக சார்ஜ் ஏற்றுங்கள். பிறகு முழுக் கறுப்பு, முழு வெள்ளை, மூன்றாவதாகப் பொடிக் கட்டங்கள் நிறைந்த படம் என்று மூன்றை வரிசையாக அனுப்பிப் பாருங்கள். மூன்றிலும் ஒரே இடத்தில் கோடோ திட்டோ மாறாமல் நின்றால் உள்ளே கண்ணாடி விரிசல் விட்டிருக்கிறது. மேலே இருப்பது பிளாஸ்டிக் என்பதால் விரலுக்கு எதுவும் தட்டாது. அதற்கு அடியில் டிரான்சிஸ்டர்கள் பதித்த மெல்லிய கண்ணாடித் தகடுதான் உடைவது. போனைக் கேஸுக்குள் அழுத்தும்போது சட்டத்தின் விளிம்பைப் பிடியுங்கள், திரையின் நடுவில் கட்டைவிரலை ஊன்ற வேண்டாம். பின் பாக்கெட்டில் வைத்து உட்காரவே கூடாது.

ஐபோன் 8-உம், 2020-இன் எஸ்இ-யும் 7-ஐவிட 0.2 மி.மீ. தடிமன் கூடுதல். கெட்டியான கேஸில் அந்த அளவே இறுக்கமாகத் தெரியும். வயர்லெஸ் சார்ஜிங்கை எதிர்பார்க்க வேண்டாம், போனுக்குள் இருக்கும் சார்ஜிங் காயிலுக்கும் சார்ஜருக்கும் இடையில் முழுத் திரையும் அதன் பேட்டரியும் உட்கார்ந்திருக்கின்றன.

*

தமிழ் படிக்கத்தான் வாங்குகிறீர்கள் என்றால் முதல் நாளே செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. "பெயர், பொருள், குடும்பம்" என்ற மூன்று சொற்களை ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் எழுதி அனுப்புங்கள். யூனிகோடில் ஒற்றைக் கொம்பு (ெ) மெய்க்குப் பின்னால்தான் சேமிக்கப்படுகிறது. அதை முன்னால் தூக்கி வைப்பது எழுத்தை அடுக்கும் மென்பொருளின் வேலை. சிறிய சாதனங்களின் ஃபர்ம்வேரில் (உள்ளேயே பதித்த மென்பொருளில்) அந்த வேலையைச் செய்யும் பகுதி பெரும்பாலும் இருக்காது. அப்போது "பெயர்" திரையில் "பயெர்" என்று நிற்கும். "பொருள்" என்பதில் கொம்பும் காலும் சேர்ந்து 'ப'-வுக்கு வலப்பக்கம் போய்விடும். "குடும்பம்" உகரக் குறிகள் கழன்று தனித்தனியாகத் தொங்கும். எழுத்துருவை மாற்றினால் இது சரியாகாது, கோளாறு எழுத்துருவில் இல்லை.

நம்பிக்கையான வழி, பக்கத்தைப் படமாக்கி அனுப்புவது. கணினியில் 480×800 அளவில் பக்கம் அமைத்து, இருபுறமும் 20 புள்ளி ஓரம் விடுங்கள். எழுத்தை 30 புள்ளி உயரத்துக்குக் குறைக்காதீர்கள். இந்தத் திரையில் அது சுமார் 10 பாயிண்ட். அதற்குக் கீழே போனால் ண, ஞ, ஜ எழுத்துகளின் சுழிகள் அடைத்துக்கொண்டு கறுப்புப் பொட்டாகிவிடும். மெல்லிய எழுத்துரு வேண்டாம், கோடு குறைந்தது 2 புள்ளி தடிமன் இருக்கட்டும். பிஎன்ஜி-யாகச் சேமியுங்கள். ஜேபெக் சுருக்கம் எழுத்தின் ஓரங்களில் சாம்பல் துகளைத் தூவும், கறுப்பு வெள்ளையாக மாற்றும்போது அது அழுக்காகத் தெரியும். புகைப்படத்துக்கு டிதரிங் (கறுப்புப் புள்ளிகளின் நெருக்கத்தால் சாம்பல் நிறம் காட்டும் முறை) போடுங்கள், எழுத்துப் பக்கத்துக்குப் போடாதீர்கள்.

முந்தைய பக்கத்தின் நிழல் தங்குவது பழுதல்ல. ஐந்தாறு பக்கத்துக்கு ஒருமுறை திரை முழுதும் கறுத்து வெளுக்கும்படி ரிஃப்ரெஷ் வைத்தால் போய்விடும்.

*

திரை பல ஆண்டு தாங்கும், முதலில் போவது போனிலிருந்து படம் அனுப்பும் ஆப்தான். கூட்டு நிதியில் வரும் பொருளில் இதைத்தான் பலர் கவனிக்காமல் விடுகிறார்கள். இதே போன்ற இ-இங்க் கேஸ் செய்த பாப்ஸ்லேட் நிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது மாடலுக்கு 2016-இல் இண்டிகோகோ என்ற கூட்டு நிதித் தளத்தில் பணம் திரட்டியது; 2017 தொடக்கத்தில் கையில் பணமில்லை என்று அறிவித்துவிட்டது. பலருக்குப் பொருளும் வரவில்லை, பணமும் திரும்பவில்லை.

பொருள் வந்து சேர்ந்தவர்கள் ஆண்ட்ராய்டில் இருந்தால், ஆப் வேலை செய்யும்போதே அதன் ஏபிகே ஃபைலை (ஆப்பை நிறுவ உதவும் ஃபைல்) எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஆண்ட்ராய்டு 14, ஆண்ட்ராய்டு 6-க்கு முந்தைய பதிப்புகளைக் குறிவைத்து எழுதிய ஆப்களை நிறுவ விடாது. கணினியில் ஏடிபி (போனுக்குக் கட்டளை அனுப்பும் ஆண்ட்ராய்டு கருவி) வழியாக அந்தத் தடையைத் தாண்டி நிறுவலாம். இல்லையென்றால் பழைய போன் ஒன்றை இதற்கென்றே வைத்துக்கொள்ள வேண்டியதுதான். ஐபோனில் ஆப் ஸ்டோரிலிருந்து எடுத்துவிட்டால் இந்த வழியும் கிடையாது.

"கேஸைக் கண்டுபிடிக்கவில்லை" என்று ஆப் சொன்னால் கேஸைக் குறை சொல்வதற்கு முன் லொக்கேஷனைப் பாருங்கள். ஆண்ட்ராய்டு 6 முதல் 11 வரை, குறைந்த மின்சார ப்ளூடூத் தேடலுக்கு லொக்கேஷன் அனுமதியும் வேண்டும், லொக்கேஷன் ஆனிலும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பிழைச்செய்தி எதுவும் வராமல் பட்டியல் வெறுமையாகவே இருக்கும்.

*

பேட்டரியே இல்லாத என்எஃப்சி (போனை ஒட்டி வைத்தால் தகவல் கடத்தும் முறை) வகையும் இப்போது கிடைக்கிறது, போனிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். சிவப்பு, மஞ்சள் சேர்ந்த நான்கு வண்ணத் திரை என்றால் ஒரு படம் மாற 15 விநாடிக்கு மேல் ஆகும். அதுவரை போனை அசைக்கக் கூடாது. இடையில் விலகினால் படம் பாதியில், வண்ணம் கலங்கி நின்றுவிடும். மறுபடி முதலிலிருந்து அனுப்பினால் சரியாகும். ஐபோனில் ஆன்டெனா மேல் விளிம்பில், பல ஆண்ட்ராய்டுகளில் முதுகின் நடுவில். இடையில் இரும்புத் தகடோ காந்த வளையமோ இருந்தால் கழற்றிவிட்டு அனுப்புங்கள்.

*

பேட்டரி உள்ள கேஸைப் பயன்படுத்தாமல் அலமாரியில் வைப்பவர்கள் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாதி அளவாவது சார்ஜ் ஏற்றி வையுங்கள். லித்தியம் செல் அடிவரை வற்றிவிட்டால் பாதுகாப்புச் சுற்று மறுபடி சார்ஜ் ஏற விடாமல் தடுத்துவிடும். திரையும் பேட்டரியும் பசையில் ஒட்டியிருந்தால், பேட்டரியை மாற்ற நெம்பித் திறக்கும்போது முதலில் விரிசல் விடுவது திரையின் அந்தக் கண்ணாடிதான். வெயிலில் நிற்கும் காரின் டாஷ்போர்டும் வேண்டாம். இந்த வகைத் திரைகள் இயங்க 50 டிகிரி செல்சியஸ்தான் வழக்கமான உச்சவரம்பு.