கலைச்சொல் தேவை: கடலடியில் இரு வாயுள்ள குகைவழி

மொழிபெயர்ப்பாளர், கோவை

அன்புடையீர், வணக்கம்.

முக்குளிப்புக் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். கடலடிப் பாறைக்குகைகள் பற்றிய அத்தியாயம் வெள்ளி மாலைக்குள் அச்சுக்குப் போயாக வேண்டும். மால்ட்டா நாட்டின் கோசோ தீவில், மேற்குக் கரையிலுள்ள துவெய்ராவை மூலநூல் எடுத்துக்காட்டாகக் கொள்கிறது. சுண்ணாம்புப் பாறைக்கரை. 'புளூ ஹோல்' என்பது அங்கே பாறைக்குள் இயற்கையாக அமைந்த கிணறு: சுமார் 10 மீட்டர் அகலம், 15 மீட்டர் ஆழம். சுமார் 8 மீட்டர் ஆழத்தில் அதன் சுவரில் வளைவான திறப்பு தொடங்குகிறது. அதன் வழியே திறந்த கடலுக்குப் போய்விடலாம். கிணற்றின் அடியில் ஒரு குகையும் உண்டு. அதற்கு ஒரே வாய்.

ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும் வழியை மூலநூல் 'ஸ்விம் த்ரூ' என்கிறது. ஒரே வாயுள்ளதும் வாயின் வெளிச்சம் எட்டுவதும் 'கிராட்டோ'. தலைக்கு மேல் பாறை இருப்பதால் நேரே மேலெழ முடியாத இடம் எதுவானாலும் அதற்கு ஒரு பொதுச்சொல்லும் வேண்டும். எல்லாவற்றையும் 'குகை' என்று எழுதிப் பார்த்தேன். எச்சரிக்கை வாக்கியங்கள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. முதலாவதற்கு 'ஊடுநீச்சல்' சரியாகுமா?

இலக்கண ஆசிரியர், தஞ்சாவூர்

'ஊடுநீச்சல்' செயலின் பெயர். நீங்கள் கேட்பது இடத்தின் பெயர். 'ஊடுநீச்சலில் நுழையவும்' என்றால் பொருள் குழம்பும். என் பரிந்துரை 'நீந்துபுழை'. வினைத்தொகை என்பதால் இடையில் ப் மிகாது. 'நீந்துப்புழை' என்று தயவுசெய்து அச்சிட்டுவிடாதீர்கள். புழை என்றால் துளை, சிறுவாயில். யானையின் துதிக்கை புழைக்கை. வீட்டின் பின்வாயில் புழைக்கடை. அதுதான் இன்று புழக்கடை. ஒரே வாயுள்ளதற்கு 'முழை'. சங்கப் பாடல்களில் விலங்கு உறையும் மலைக்குகை அது. புழை, முழை: இரண்டும் ஓரசைச் சொற்கள், இரண்டும் தமிழ்.

சொல்லாய்வாளர், சென்னை

புழை என்றால் மலையாளத்தில் ஆறு என்ற பொருளும் உண்டு (ஆலப்புழை). நமக்கு அதைவிடப் பொருத்தமான சொல் 'சுருங்கை', அதாவது மறைவான நிலத்தடி வழி. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் யானைக்கூட்டம் போகும் 'சுருங்கை வீதி' வருகிறது. மணிமேகலையில் 'சுருங்கைத் தூம்பு' உண்டு. இன்றைய சுரங்கமும் இந்தச் சொல்லின் உறவே.

இதில் ஒரு செய்தி என்னை விடுவதாயில்லை. வடமொழிச் 'சுருங்கா', கிரேக்கத்தின் 'சிரிங்ஸ்' என்ற சொல்லிலிருந்து வந்தது என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். சிரிங்ஸ் என்றால் குழல்; பிறகு நிலத்தடி வழிக்கும் பெயராயிற்று. அப்படியானால் மத்தியதரைக் கடலில் புறப்பட்டு நம்மிடம் வந்த சொல்லை மத்தியதரைக் கடலின் குகைக்கே சூட்டுகிறோம்.

இலக்கண ஆசிரியர், தஞ்சாவூர்

> கிரேக்கத்தின் 'சிரிங்ஸ்' என்ற சொல்லிலிருந்து

ஒலி ஒற்றுமை மட்டும் போதாது ஐயா. 'சுரை' என்பதற்கு உட்துளை என்ற பொருள் தமிழிலேயே உண்டு. உள்ளீடற்ற காய் சுரைக்காய். சுரை, சுருங்கை, சுரங்கம் என்று ஏன் வரிசைப்படுத்தக் கூடாது?

சொல்லாய்வாளர், சென்னை

'சுரை'யில் இல்லாத ங்க எங்கிருந்து வந்தது என்று அந்த வரிசை சொல்லவில்லை. சுரங்கத்துக்குத் தனி இழை தொடங்குகிறேன். இங்கே மேலே போகலாம்.

முக்குளிப்புப் பயிற்றுநர், புதுச்சேரி

சொற்பிறப்பு எனக்குத் தெரியாது. ஆனால் புழையும் முழையும் சேர்ந்து வரக் கூடாது என்று உறுதியாகச் சொல்வேன். முக்குளிப்புக்கு முந்தைய விளக்கம் படகில் நடக்கிறது. என்ஜின் ஓடும், காற்று அடிக்கும், பலர் தலைமூடி போட்டுக் காதை மறைத்திருப்பார்கள். ஒன்றில் நுழைந்து மறுபக்கம் போகலாம். மற்றதில் போன வழியே திரும்ப வேண்டும். இந்த வேறுபாட்டைக் காட்டும் இரு சொற்கள் ஓர் எழுத்தில்தான் மாறுகின்றன. பலர் வாயில் ழ ள ஆகிவிடும். 'புளை', 'முளை' என்று காதில் விழுந்தால் யாருக்கு என்ன புரியும்?

வேறுபாடு ஏன் முக்கியம் என்று கணக்கோடு சொல்கிறேன். 12 லிட்டர் உருளை, 200 பார் அழுத்தம்: 2400 லிட்டர் காற்று. மூன்றில் ஒரு பங்கு விதிப்படி உள்ளே போக 800, திரும்ப 800, ஆபத்துக்கு 800. நீர்மட்டத்தில் நிமிடத்துக்கு 20 லிட்டர் மூச்சிழுப்பவர் 25 மீட்டர் ஆழத்தில் 3.5 மடங்கு, அதாவது 70 லிட்டர் இழுக்கிறார். அப்படியானால் உள்ளே போகக் கிடைப்பது சுமார் 11 நிமிடம். அழுத்தமானி 133ஐத் தொட்டதும் திரும்ப வேண்டும். பதற்றத்தில் மூச்சு இரு மடங்கானால் அந்த 11 நிமிடம் 6 ஆகிவிடும்.

மறுவாய் இருக்கிறது என்று நம்பிப் போகிறவர் திரும்பும் பங்கையும் செலவழித்துவிடுவார். மறுவாயை மறித்து வேறொரு குழு நின்றாலோ, முன்னே போனவர் அடிமண்ணைக் கலக்கிவிட்டாலோ அவருக்குத் திரும்பக் காற்றில்லை. கால்துடுப்பை மேலும் கீழும் அடிப்பவர் பின்னால் வருபவருக்கு எதுவும் தெரியாது. முழங்காலை மடக்கித் தவளை போல உதைக்க வேண்டும். சொல்லைக் கேட்டதும் எத்தனை வாய் என்று தெரிய வேண்டும். நான் கேட்பது அது மட்டும்தான்.

வாசகர், யாழ்ப்பாணம்

ஒரு சிறிய வேண்டுகோள். 'முக்குளிப்பவர்' என்று முழுவதும் எழுதுகிறீர்கள். எங்களுக்குச் 'சுழியோடி'தான் விளங்கும். செய்தித்தாளிலும் அதையே பாவிக்கிறோம்: 'கடற்படைச் சுழியோடிகள்'. வழக்கில் உயிரோடு இருக்கிற சொல் ஏன் கையேட்டில் இல்லை?

மொழிபெயர்ப்பாளர், கோவை

அருமையான சொல். தமிழ்நாட்டுச் செய்திகளில் 'ஆழ்கடல் நீச்சல் வீரர்' என்று மூன்று சொல்லாக நீட்டுகிறார்கள். ஆனால் முத்துக்குளித்தலில் இருக்கும் 'குளி'யை விட மனம் வரவில்லை. இன்று குளித்தல் நீராடலாகிவிட்டாலும் மூழ்கும் பொருள் அங்கே அப்படியே நிற்கிறது. முதல் அத்தியாயத்தில் இரண்டையும் தருகிறேன்.

வாசகர், தூத்துக்குடி

கிராட்டோவுக்குச் சொல் ஏற்கெனவே இருக்கிறது: கெபி. எங்கள் கடற்கரை ஊர்களில் லூர்து மாதா கெபி பார்க்காதவர் யார்? விவிலியத்தில் தானியேல் போடப்பட்டதும் சிங்கங்களின் கெபியில்தான். பாறையைக் குடைந்தாற்போல, ஒரே வாய், உள்ளே வெளிச்சம் எட்டும். மூலநூல் சொல்லும் தன்மைகள் இதில் இருக்கின்றன. கடலில் இறங்கும் மக்களின் வாயில் இருக்கும் சொல்லை விட்டுவிட்டு முழையைத் தேடிப் போக வேண்டுமா?

சொல்லாய்வாளர், சென்னை

கெபி, கெவி, கன்னடத்தில் 'கவி'. பெங்களூரின் கவி கங்காதரேசுவரர் குகைக் கோவிலில் இருப்பது அந்தச் சொல்தான். நம் மொழிக்குடும்பத்துச் சொல் என்பதால் தூய்மை பார்ப்பவர்களும் தயங்க வேண்டாம். கிராட்டோவோ இத்தாலியத்தின் 'குரொத்தா', அதன் முன்னோர் இலத்தீனின் 'கிரிப்தா', அதற்கும் முன்னோர் மறைவிடம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல். மால்ட்டாக்காரர்கள் குகையை அரபுவழி 'ஆர்' என்கிறார்கள். எல்லாரும் எங்கிருந்தோ எடுத்ததுதான்.

இலக்கண ஆசிரியர், தஞ்சாவூர்

கெபி என்றதும் வழிபாட்டிடம்தான் நினைவுக்கு வரும். பள்ளி மாணவர் இதைப் படித்தால் கடலுக்கடியில் மாதா சிலை இருப்பதாக எண்ணுவார். என் மறுப்பைப் பதிவு செய்கிறேன்.

முக்குளிப்புப் பயிற்றுநர், புதுச்சேரி

கெபி எனக்கு உடன்பாடு. காதில் தெளிவாக விழுகிறது. மற்றதற்கு 'ஊடுவழி' போதும்.

இன்னொன்று விட்டுப்போனது. செங்குத்தான வழிக்கு என்ன சொல்? 'புகைபோக்கி' என்று சிலர் எழுதுகிறார்கள். படுக்கைவழியும் நிமிர்வழியும் ஒரே சொல்லானால் ஆபத்து. 18 மீட்டரிலிருந்து 8 மீட்டருக்கு ஏறினால் அழுத்தம் 2.8 பாரிலிருந்து 1.8 பார் ஆகிறது. மிதவைச் சட்டையில் இருக்கும் காற்று ஒன்றரை மடங்குக்கும் மேல் விரிகிறது. காற்றை விடாமல் ஏறுபவரின் வேகம் தானாகக் கூடும். நிமிடத்துக்கு 9 மீட்டர் என்ற எல்லையைத் தாண்டிவிடுவார். தலை பாறையில் இடிக்கும். மூச்சை அடக்கினால் நுரையீரலே கிழியலாம். ஏறத் தொடங்கும் முன்பே தோள்பக்க வால்வின் கயிறு கையில் இருக்க வேண்டும்.

இலக்கண ஆசிரியர், தஞ்சாவூர்

இதற்குத் 'தூம்பு', அதாவது நீர் போகும் குழாய்வழி. பாண்டிநாட்டு ஏரிகளின் குமிழித் தூம்பை நினைத்துப் பாருங்கள்: ஏரிக்குள் நிற்கும் கல்தூண்கள், அடியில் தொட்டி, அதன் துளைக்குக் கல்மூடி. ஆள் மூழ்கிப் போய்த்தான் அந்த மூடியைத் தூக்க வேண்டும். முக்குளிப்போடு இவ்வளவு நெருங்கிய சொல் வேறில்லை. 'நிமிர்தூம்பு' என்றால் திசையும் தெரிந்துவிடும்.

மொழிபெயர்ப்பாளர், கோவை

நிமிர்தூம்பை மறுப்பின்றி எடுத்துக்கொள்கிறேன். ஊடுவழிக்கு நால்வர், நீந்துபுழைக்கு ஒருவர். கெபிக்கு மூவர், முழை அடிக்குறிப்பில் வரும். பொதுச்சொல்லுக்குக் 'கூரைநீர்' என்று எழுதியிருக்கிறேன்: 'கூரைநீரில் இறங்குபவரிடம் முதன்மை டார்ச் ஒன்றும் மாற்று டார்ச் ஒன்றும் இருக்க வேண்டும்.'

முக்குளிப்புப் பயிற்றுநர், புதுச்சேரி

அங்கே ஒரு சிக்கல். அதே துவெய்ராவில் உள்நாட்டுக் கடல் என்ற உப்புநீர்க் குளத்திலிருந்து சுமார் 80 மீட்டர் நீளமுள்ள குகைவழி வெளிக்கடலுக்குப் போகிறது. வெளிவாயில் ஆழம் 25 மீட்டரைத் தாண்டும். பாறைக்கூரை இருக்கிறது, ஆனால் நீர்மட்டத்துக்கும் மேலே. நடுவில் காற்றுவெளி. அதில்தான் பயணிகள் படகு போகிறது. மேலெழ முடியும், எழக் கூடாது. எழுந்தால் படகின் அடிப்பாகமோ விசிறியோ தலையில் அடிக்கும். சுவரை ஒட்டி, ஆழத்திலேயே போக வேண்டும். இது கூரைநீரா?

சொல்லாய்வாளர், சென்னை

சுருங்கை. யானை போனாலும் படகு போனாலும் சுருங்கைதான்.

வாசகர், தூத்துக்குடி

படகு போகிற வழி என்று தெரிய வேண்டுமே அண்ணாச்சி. சுருங்கையில் படகு இல்லையே.

மொழிபெயர்ப்பாளர், கோவை

அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். அந்த இடத்தில் சொல் எதுவும் போடவில்லை. 'மேலே படகு போகும் குகைவழி. உள்ளே எங்கும் மேலெழக் கூடாது' என்று வாக்கியமாகவே விட்டிருக்கிறேன். இரண்டாம் பதிப்புக்குள் சொல் கிடைத்தால் மாற்றலாம். சுரங்கம் பற்றிய இழையில் 14 மடல்கள் சேர்ந்திருக்கின்றன. அங்கே ஊடுவழியை யாரும் மீண்டும் எடுக்க வேண்டாம்.

இலக்கண ஆசிரியர், தஞ்சாவூர்

எடுக்கவில்லை. ஆனால் இரண்டாம் பதிப்பு வரும்போது நீந்துபுழையை மறுபடி முன்வைப்பேன்.