ஹமாமட்சுவில் நடந்தே ஏரியா பழகுவது எப்படி? (ஜப்பான் போகிறேன்)

பேட்டைக்காரி:
வணக்கம். நான் கிருஷ்ணகிரி பழையபேட்டை. ஓசூரில் வேலை பார்த்த என் வீட்டுக்காரரை கம்பெனியில் ஜப்பானுக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஊர் பெயர் ஹமாமட்சு, ஷிசுவோகா மாகாணம். அடுத்த மாதம் நானும் கிளம்புகிறேன். அவர் காலையில் போனால் இருட்டித்தான் வருவார். எனக்கு இங்கே ஸ்கூட்டி உண்டு, அங்கே நடராஜா சர்வீஸ்தான்.

இங்கே எந்த மூலையில் விட்டாலும் சையத் பாஷா மலை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்து வீடு வந்து சேர்ந்துவிடுவேன். அங்கே பேச்சும் தெரியாது, எழுத்தும் தெரியாது. அவரைக் கேட்டால் "மேப் போட்டுக்கிட்டுப் போ" என்கிறார். நீலப் புள்ளியையே பார்த்துக்கொண்டு நடந்தால் ஊர் எப்படி மனதில் பதியும்? இன்னொன்று, அவர் அனுப்பிய முகவரியில் தெருப் பெயரே இல்லை, வெறும் எண்கள். போன புதிதில் நீங்களெல்லாம் எப்படிப் பழகினீர்கள்?

ஓசூர் வண்டி:
ரொம்ப யோசிக்காதீங்க சிஸ்டர். பழைய சைக்கிள் ஒன்று வாங்கிவிடுங்கள், ஊரே கைக்குள் வந்துவிடும். வாங்கும்போதே திருட்டுத் தடுப்புப் பதிவு ஸ்டிக்கர் ஒட்டித் தருவார்கள், அது கட்டாயம். மற்றபடி கூகுள் மேப் போதும்.

பாலக்கோடு மெக்கானிக்:
சைக்கிள் அப்புறம் வாங்கிக்கொள்ளட்டும் தம்பி. சைக்கிளில் போனால் ரோடுதான் தெரியும், வீடு தெரியாது.

அம்மா, நான் அதே ஹமாமட்சுவில் மெஷின் மெயின்டனன்ஸ் வேலையில் சில வருடம் இருந்தேன். இப்போது பாலக்கோட்டில் சொந்த லேத் பட்டறை. முகவரி விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், அது புரிந்தால் பாதி பயம் போய்விடும். ஜப்பானில் பெரும்பாலான தெருக்களுக்குப் பெயர் கிடையாது. நாலு தெருவுக்கு நடுவே இருக்கிற நிலத்துண்டுக்குத்தான் எண். பெரிய பகுதி, அதற்குள் சின்னப் பகுதி, அதற்குள் துண்டு, அப்புறம் வீடு என்று உள்ளே உள்ளே போகும். பழைய பகுதிகளில் அது நம்ம பட்டாவில் வரும் சர்வே நம்பர் மாதிரி. பக்கத்து வீட்டு எண் வரிசையாக வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

முதல் நாள் தூரமாகப் போகாதீர்கள். வாசலுக்கு வந்து பக்கத்துக் கரண்ட் கம்பத்தைப் பாருங்கள். ஏரியா பெயரும் எண்ணும் போட்ட சின்னத் தகடு இருக்கும். கம்பத்தில் இல்லையென்றால் ஏதாவது சுவரில் இருக்கும். போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்தைப் படிக்கத் தெரிய வேண்டாம், கோலத்தைப் போல அதன் உருவத்தைப் பார்த்து வைத்தால் போதும். தெருவுக்குத் தெரு கூல்டிரிங்ஸ் மெஷின் நிற்கும், அதிலும் அந்த இடத்தின் முகவரி ஒட்டியிருக்கும். வழி தவறினால் நேராக மெஷினிடம் போங்கள். குளிர்காலத்தில் அதிலேயே சூடான டீயும் காபியும் வரும், சூடானதற்குச் சிவப்புப் பட்டை, சில்லென்றதற்கு நீலம்.

அப்புறம் உங்கள் வீட்டுத் துண்டை ஒரு சுற்று சுற்றுங்கள். இடது பக்கமாகவே திரும்பிக்கொண்டிருந்தால் புறப்பட்ட இடத்துக்கே வருவீர்கள். மறுநாள் பக்கத்துத் துண்டு. போன் பையில் இருக்கட்டும். ஒவ்வொரு முனையிலும் நின்று ஒரு தடவை பின்னால் திரும்பிப் பாருங்கள், வரும்போது கண்ணில் படப்போவது அந்தப் பக்கம்தான். அடையாளத்துக்கு மாறாத பொருளாக எடுங்கள். சந்து முனையில் ஆரஞ்சு நிறத்தில் வட்டக் கண்ணாடி, சுழலும் கம்பம் வைத்த முடிவெட்டும் கடை, சின்னக் கோயிலின் வாசல் வளைவு, காசு போட்டால் பழுப்பு அரிசியைத் தீட்டித் தரும் மெஷின் கொட்டகை. (அந்தக் கொட்டகையில் நான் நின்ற நேரத்துக்குக் கணக்கில்லை. அரிசி மில் வாசனை வேறு எங்கே கிடைக்கும் அந்த ஊரில்.)

உங்களுக்கு மலை வேண்டும் என்றால் அதற்கும் ஆள் இருக்கிறது. ஸ்டேஷன் பக்கத்தில் ஆக்ட் டவர், 45 மாடி, ஹார்மோனிகா வடிவம். ஊரில் அதைவிட உயரம் எதுவும் இல்லாததால் தூரத்திலிருந்தே தெரியும். அங்கிருந்து வடக்கே ஒரு சிவப்பு ரயில் போகும், ஊருக்குள் பாலத்தின் மேல் ஓடி அப்புறம் தரையில் இறங்கும். டவரும் தண்டவாளமும் தெரிந்தால் திசை தெரிந்தது.

ஒரு எச்சரிக்கை. 2024 ஜனவரி 1 முதல் அந்த ஊரின் 7 வார்டுகளை 3 ஆக்கிவிட்டார்கள். பழைய போர்டிலோ விசிட்டிங் கார்டிலோ வேறு வார்டு பெயர் இருந்தால் குழம்ப வேண்டாம், அதற்குப் பின்னால் வரும் ஏரியா பெயரைப் பாருங்கள்.

நடைபாதை இல்லாத ரோட்டில் வலது ஓரமாக நடக்க வேண்டும், அங்கே சட்டமே அதுதான். பனிப்பொழிவு அபூர்வம். ஆனால் குளிர்காலத்தில் மேற்கிலிருந்து ஒரு வறட்டுக் காற்று அடிக்கும் பாருங்கள், நம்ம ஆடிக் காற்றெல்லாம் அதன் முன்னால் குழந்தை. காதை மூடும் குல்லா வாங்கிக்கொள்ளுங்கள்.

அரூர் அக்கா:
மெக்கானிக் தம்பி சொன்னதெல்லாம் சரி, ஒன்றை விட்டுவிட்டார். நான் நகோயாவில் இருந்தவள். குடிபோன 14 நாளுக்குள் சிட்டி ஆபீஸில் முகவரி பதிய வேண்டும். அப்போதே எந்தக் கிழமை எந்தக் குப்பை எடுப்பார்கள் என்ற காலண்டரும், வெள்ளம், சுனாமி வந்தால் எங்கே போவது என்ற வரைபடமும் கேட்டு வாங்கிவிடு கண்ணு. முதல் நீள நடை அந்தப் பாதுகாப்பு இடத்துக்குத்தான் இருக்க வேண்டும், பெரும்பாலும் ஏதாவது பள்ளிக்கூடம்தான். பச்சை போர்டில் ஓடும் மனிதன் படம் இருக்கும். ஹமாமட்சு கடலோரத்தில் 17.5 கிலோமீட்டருக்குத் தடுப்பு மேடு கட்டியிருக்கிறார்கள், இருந்தாலும் வழி காலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நிலம் ஆடும்போது மேப்பைத் தேட முடியாது.

ரெசிடென்ஸ் கார்டு (வெளிநாட்டவருக்கு அங்கே தரும் அடையாள அட்டை) இல்லாமல் தெருமுனைக்குக்கூடப் போகாதே. போலீஸ் கேட்டால் காட்ட வேண்டும். டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும், அதற்குள் திரும்புகிற மாதிரி கிளம்பு. சாயங்காலம் கம்பத்து ஸ்பீக்கரில் பாட்டு வந்தால் பயப்படாதே. அபாய அறிவிப்புக்கான ஸ்பீக்கர் வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் பல ஊர்களில் தினமும் போடுகிறார்கள்.

பேட்டைக்காரி:
ரொம்ப நன்றி அண்ணா, நன்றி அக்கா. இவ்வளவு கிடைக்கும் என்று நினைக்கவில்லை. வழி கேட்டால் சொல்வார்களா? ஆங்கிலம் பேசினால் புரியுமா?

பாலக்கோடு மெக்கானிக்:
ஆங்கிலம் குறைச்சல்தான். வீட்டுக்காரரிடம் முகவரியை ஜப்பானிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். "சுமிமாசென்" (மன்னிக்கவும்) என்று சொல்லித் தாளை நீட்டுங்கள். வயதானவர்கள் என்றால் கையோடு கூட்டிக்கொண்டு போய் விடுபவர்களும் உண்டு. வாசலில் சிவப்பு விளக்கு வைத்த சின்ன போலீஸ் சாவடியைப் பார்த்தால் தயங்காமல் உள்ளே போங்கள். அந்த ஏரியா வரைபடம் வைத்திருப்பார்கள், வழி சொல்வது அவர்கள் வேலையிலேயே ஒன்று. நம்ம ஊர் ஸ்டேஷனுக்குப் போவது மாதிரி நினைக்காதீர்கள்.

ஹமாமட்சுவில் பிரேசில்காரர்கள் நிறைய. 1990-ல் விசா சட்டம் மாறியதும் பேக்டரி வேலைக்கு வந்தவர்கள். அவர்கள் கடையைக் கண்டுபிடியுங்கள், நம்ம மரவள்ளிக் கிழங்கு தோல் சீவி, உறைய வைத்த பாக்கெட்டில் கிடைக்கும். கறிவேப்பிலையையும் மாம்பழத்தையும் மட்டும் பெட்டியில் வைத்துவிடாதீர்கள். சான்றிதழ் இல்லாத இலை, பழம் எதையும் ஏர்போர்ட்டில் விடமாட்டார்கள்.

பேட்டைக்காரி:
மாமியார் இப்போதே ஒரு கூடை மல்கோவாவுக்குச் சொல்லி வைத்திருக்கிறார். இதைப் படித்துக் காட்டுகிறேன்.